தண்ணீருக்குத் தடம் இல்லை

கடலில் பிடித்த மீனைக் கரையில் காயவைத்து, காய்ந்த பிறகு மறுபடியும் கடலிலேயே ஏற்றி அனுப்புகிறவளைப் பற்றி ஊர் என்ன பேசும்? கோட்டைப்பட்டினமும் அதைத்தான் பேசியது. புருஷன் மௌத்தானதிலிருந்து ரம்லத் பீவிக்குப் புத்தி கொஞ்சம் கடல் பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்றார்கள். அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை கறுகறுவென்று படுத்துக்கிடக்கிறது. வண்டியில் ஏற்றினால் வெயில் ஏறுவதற்குள் தொண்டி வியாபாரியின் கிடங்கில் சரக்கு இறங்கிவிடும். அதை விட்டுவிட்டு மீன் பிடிக்கிற ராக்கனுடைய வல்லத்தில் கருவாட்டு மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டி, கடல் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"கடல்ல ஸ்பீடு பிரேக்கர் இருக்கா? பள்ளம் இருக்கா? ரோட்டுல போனா நெத்திலி பாதி தூளாப் போய் எறங்குது. மூணு குட்டியானையில ஏத்துற சொமைய ஒத்த வல்லம் தூக்கிக்கிட்டுப் போகுது. தரையில சொமைய நாம இழுக்கணும். தண்ணியில தண்ணியே சொமக்கும், நாம தள்ளிவிட்டாப் போதும்."

சின்ன லோடு வண்டிக்கு அங்கே குட்டியானை என்றுதான் பெயர். அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. சரக்கு உடையாமல் போனது. தொண்டி வியாபாரிக்குச் சந்தோஷம். ராக்கனுக்கும் மீன்பாடு இல்லாத நாளில் ஒரு தொழில் ஆயிற்று. ஆனால் அவ்வளவும் பாதி உண்மைதான். மீதிப் பாதியை அவள் வாயைத் திறந்து சொன்னால் ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பயப்பட ஆரம்பித்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, மீமிசலுக்குத் தெற்கே வாய்க்கால் பாலத்தில், அவள் புருஷன் ஷேக் பரீது ஓட்டிவந்த குட்டியானை டயர் வெடித்துத் தலைகுப்புறக் கவிழ்ந்தது. தொண்டியில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். யார் மீதும் தப்பில்லை. பட்டப்பகல், காய்ந்த ரோடு, எதிரே ஒரு ஆடுகூட வரவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை.

அவர் காலையில் கிளம்பும்போது தினமும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னார்.

"போயிட்டு வாரேன் ரம்லத்து."

"பாத்துப் போயிட்டு வாங்க மச்சான்" என்று அவளும் தினமும் சொல்வதைத்தான் சொன்னாள். சொந்த மாமன் மகன் என்பதால் கல்யாணத்துக்கு முந்தியும் அவர் மச்சான்தான், பிந்தியும் மச்சான்தான்.

மையத்தை அடக்கம் செய்ய எடுத்துக்கொண்டு போன பிறகு கருவாட்டுக் களத்தில் வேலை செய்யும் செவந்தி அழுதுகொண்டே ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "சனிப் பொணம் தனியாப் போகாதும்பாங்களே அக்கா." கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, வாய் தவறி வந்ததுதான். செவந்தியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நமக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை என்று ரம்லத் பீவி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் காதில் விழுந்த சொல் காதிலேயே கிடந்தது.

புருஷனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்து வெளியே வந்ததும் தொழிலை அவளே கையில் எடுத்தாள். வசந்த் என்கிற பையனின் குட்டியானையை வாடகைக்குப் பேசினாள். பையன் என்று சொல்வது அவள் பழக்கம். அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது. முதல் நாள் சரக்கைத் தொண்டியில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தவன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னப்பா பாக்குற?"

"வெறும் வண்டிதானக்கா? பாலத்துலேர்ந்து இங்கிட்டு வாரவரைக்கும் செகண்ட் கியருலதான் இழுக்குது. போறப்ப இருந்த பாரம் வாரப்பயும் இருக்கு. இப்ப ஒங்க வாசல்ல நிறுத்துனதும் ஸ்பிரிங்கு எந்திரிச்சுக்கிருச்சு."

வண்டியை ஒர்க்ஷாப்பில் காட்டச் சொல்லி அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பள்ளிவாசலில் மகரிபு பாங்கு சொல்லி முடித்த நேரம். வாசற்படியில் யாரோ செருப்பைத் தட்டும் சத்தம் கேட்டது. டப், டப். அப்புறம் லேசாக ஒரு செருமல். ஷேக் பரீது வீட்டுக்குள் வருவதற்கு முன் அப்படித்தான் செருப்பிலிருக்கிற மணலைத் தட்டுவார். வீட்டுக்குள் மணல் வந்தால் அவளுக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கத்திவிட்டாள். அதிலிருந்து சாகிறவரை ஒரு நாளும் தட்டாமல் உள்ளே வந்ததில்லை.

அவள் கதவைத் திறக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள். காலையில் பார்த்தபோது படியில் ஒரு கைப்பிடி மணல் கிடந்தது.

வண்டி தொண்டிக்குப் போய்வந்த நாளெல்லாம் இது நடந்தது. போகாத நாளில் நடக்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தாள். "மௌத்தானவங்க ரூஹு திரும்பி வராதும்மா. இது ஷைத்தானோட வேல. ஆயத்துல் குர்ஸி ஓதுங்க" என்றார். ஓதினாள். வாசலுக்கு வெளியே நின்ற அது, அவள் ஓதி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, அப்புறம் செருப்பைத் தட்டியது. ஷைத்தானுக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

வசந்த் ஒர்க்ஷாப்புக்கு நடந்து நடந்து அலுத்துப்போனான். பாலத்துக்கிட்ட ஒருத்தர் கை காட்டுறாரு, நிறுத்துனா ஆளக் காணோம் என்றான் ஒரு நாள். மறுநாள் வாசலில் வந்து நின்று, "மன்னிச்சுக்கிருங்கக்கா, நான் வண்டிய வித்துட்டு டாக்ஸி ஓட்டப் போறேன்" என்றான். அவன் போனதும்தான் அவள் ராக்கனைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

ராக்கன் ஜெகதாப்பட்டினத்துக்காரன், அவள் வயதுதான். வலையைப் பிரித்துப்போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே கேட்டான்.

"கெளம்பையில என்னக்கா சொல்லிட்டுப் போனாரு?"

"என்னத்தச் சொல்லுவாங்க. போயிட்டு வாரேன்னாங்க."

"அதான். எங்க வீட்ல கடலுக்குப் போறப்ப அப்பிடிச் சொல்ல மாட்டோம். எங்கப்பன் பழக்கிவிட்டது. துடுப்ப எடுத்தமா, நடந்தமான்னு இருக்கணும். வாரேன்னு சொல்லிட்டா அந்தச் சொல்லு கட்டிப்போட்ரும். உசிரு இருந்தாலும் வந்தாகணும், இல்லாட்டியும் வந்தாகணும். பாய் நாணயஸ்தரு. சொன்ன சொல்லக் காப்பாத்த வாராரு."

"கடல் வழியா வருவாங்களா?"

ராக்கன் சிரித்தான். "தண்ணிக்குத் தடம் ஏதுக்கா? நேத்துப் போன வழி இன்னைக்கு இருக்காது. ரோடுன்னா மைல்கல்லு இருக்கு, ஊருக்கு ஊரு பேர்ப்பலகை இருக்கு, செத்தவனுக்குக்கூட வழி தெரியும். கடல்ல எதப் பாத்து வருவாரு?"

அன்றிலிருந்துதான் கருவாடு தண்ணீரில் போனது. வாசல் அமைதியானது. படியில் மணல் இல்லை. நிம்மதி என்றுதான் அவள் சொல்லிக்கொண்டாள். ஆனால் சில சாயங்காலங்களில் மகரிபு பாங்கு முடிந்ததும், அவளை அறியாமலே காது வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றும் கேட்காவிட்டால் எழுந்துபோய்ப் படியில் மணல் கிடக்கிறதா என்று பார்ப்பாள். அது நிம்மதி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காரியத்துக்கு வந்தது சோதனை. தொண்டியில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகள் பாசிலா முழுகாமல் இருந்தாள். அந்த ஐப்பசியில் ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். மருமகன் பாசித் குவைத்தில் இருந்தான். ரம்லத் பீவிதான் போய் அழைத்துவர வேண்டும்.

கருவாட்டை வல்லத்தில் ஏற்றலாம். கர்ப்பிணியை ஏற்ற முடியுமா? முடியும் என்றாள் ரம்லத் பீவி. சம்பந்தி வீட்டம்மாவுக்குப் போன் போட்டு, தன் பாட்டை முதலிலிருந்து பாடினாள். ரோடு ஒடம்ப ஒலுக்கும், கடல் தொட்டில் மாதிரி ஆட்டும், வேகத்தடை ஒவ்வொண்ணும் வயித்துல இடிக்கும், மெத்தை போட்டு, தார்ப்பாய் கட்டி, பூப்போலக் கொண்டாந்து எறக்கிருவேன். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்ன மச்சி பேசுறீங்க? எங்க வீட்டு மருமகளக் கருவாட்டு மூட்டையோட அனுப்பச் சொல்றீங்களா?"

"மூட்டை இல்லாமத்தான் மச்சி."

"கார் இல்லேன்னா சொல்லுங்க, நாங்க வச்சு அனுப்புறோம்" என்று சம்பந்தியம்மா போனை வைத்துவிட்டாள். தொண்டியிலும் அன்றைக்குச் சிரிப்பாய்ச் சிரித்திருப்பார்கள்.

ரம்லத் பீவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பயந்தது பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் அல்ல. அந்தப் பாலத்தைத் தாண்டி மகள் வந்தால் அவரும் கூடவே வருவார். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டு வாசலில் வந்து நிற்பார். வந்தவர் திரும்பிப் போகும்போது வெறுங்கையோடு போவாரா? சனிப் பொணம் தனியாப் போகாது. செவந்தியின் வாய்க்கு ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டால் என்ன என்று இரண்டு வருஷம் கழித்து ஆத்திரம் வந்தது.

ராக்கனும் கையை விரித்துவிட்டான். வாடை கிளம்பி, கடல் கலங்கி நுரை கக்கிக்கொண்டிருந்தது. "இந்தக் கடல்ல நானே எறங்க மாட்டேன், வாயும் வயிறுமா இருக்குற புள்ளையவா ஏத்துறது? ரோட்டுலயே கூட்டிக்கிட்டு வாங்க. பாய் கூட வந்தா வரட்டும். வாசல்ல நின்னாருன்னா, கதவத் தொறந்து, 'போங்க'ன்னு ஒத்த வார்த்த சொல்லிருங்க. போயிட்டு வாங்கன்னு சொல்லாதீங்க. 'போங்க'. அவரு சொல்லு அவுந்துபோகும்."

சொல்வதற்கு என்ன, நாலெழுத்துக் கூடுதல் குறைச்சல்தானே. போகிறவரைப் பார்த்துப் 'போங்க' என்று மொட்டையாகச் சொல்வது நம் நாக்குக்கு வருமா? கடன் கேட்க வந்தவனைக்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புகிறோம். இருந்தாலும் அவள் பழகினாள். சமைக்கும்போதும், மீனுக்கு உப்புத் தடவும்போதும், "போங்க மச்சான்" என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

கோட்டைப்பட்டினத்தில் அன்றைக்குக் கிடைத்த ஒரே கார் வசந்துடையதுதான். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான்.

"கர்ப்பிணிப் புள்ளைக்காக வாரேன்க்கா. ஆனா நீங்களும் கூட இருக்கணும்."

திரும்பி வரும்போது நல்ல வெளிச்சம். பாசிலா பின் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். ரம்லத் பீவி முன்னால் உட்கார்ந்து ஓதிக்கொண்டே வந்தாள். எஸ்.பி.பட்டினம் தாண்டியது. இறால் பண்ணைகள், சீமைக்கருவேலங்காடு, வாய்க்கால் பாலம். தூரத்திலேயே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கார் வேகம் குறைந்தது.

"நிறுத்தாத."

"நான் நிறுத்தலக்கா. கை காட்டுறாரு, காலு தன்னால பிரேக்குக்குப் போகுது."

கார் நின்று கிளம்பியது. கதவு திறக்கவில்லை. ஆனால் பின்பக்கம் லேசாக அமுங்கியது. உப்பும் கருவாடும் கலந்த வாசனை, அதன் மேல் அவர் வெள்ளிக்கிழமை பூசுகிற சந்தனாதி அத்தர். தூக்கத்திலேயே பாசிலா, இடம் விடுகிற மாதிரி, சன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அதைக் கண்ணாடியில் பார்த்த வசந்த் இரண்டாவது கியருக்கு மாற்றினான். ஊர் வந்து சேரும்வரை வேகத்தடை ஒவ்வொன்றிலும் அவன் அத்தனை மெதுவாக ஏறி இறங்கியதைப் பார்த்தால், கால் அவனுடையதுதானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்கு ஒரு குலுக்கல்கூட இல்லை.

மகளைக் கட்டிலில் படுக்கவைத்தாள். மகரிபு பாங்கு முடிந்தது. டப், டப். செருமல்.

இந்தத் தடவை ரம்லத் பீவி போய்க் கதவைத் திறந்தாள். படியில் யாரும் இல்லை. மணல் மட்டும் கிடந்தது. ஆனால் அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கிற வெக்கை இருந்தது. குரல் காதுக்குள்தான் கேட்டது, வெளியே கேட்டதா என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது.

"புள்ள வந்து சேந்துருச்சுல்ல. போயிட்டு வாரேன் ரம்லத்து."

நாட்கணக்காகப் பழகிய வார்த்தை தொண்டையில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள்.

"பாத்துப் போயிட்டு வாங்க மச்சான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். செருப்புச் சத்தம் படியிறங்கி, அவசரமில்லாமல், சந்தோஷமாக ரோட்டுப் பக்கம் போனது. உள்ளேயிருந்து பாசிலா கேட்டாள்.

"யாருகிட்டம்மா பேசுறீங்க? அத்தாவோட அத்தர் வாசன அடிக்கிது."

"பக்கத்து வீட்ல ஊதுபத்தி" என்றாள் ரம்லத் பீவி. மகளுக்கு முன்னால் நிற்க முடியாமல் அடுப்படிக்குப் போய் அழுதாள். பயத்தில் அழுதாளா, அந்தக் குரலை மறுபடி கேட்டதற்கு அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை. வாங்க என்று அவளே வாயாரக் கூப்பிட்டுவிட்டாள். அது பழக்கதோஷம்தான் என்று அவள் தனக்கே சொல்லிப் பார்த்தபோது, நம்புகிற மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு வண்டி வாகனம் எதுவும் தேவைப்படவில்லை. தினமும் மகரிபுக்கு வந்தார். செருப்பைத் தட்டுவார், செருமுவார், நிற்பார், போவார். உள்ளே வருவதில்லை. தை பிறந்ததும் பாசிலாவைப் பிரசவத்துக்கு அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். ஆண் குழந்தை. அறந்தாங்கி ரோடு மேற்கே போகிற ரோடு, பாலம் அந்தப் பக்கம் இல்லை என்று ரம்லத் பீவி அல்லாவுக்கு நன்றி சொன்னாள். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து மகரிபு நேரத்தில் அவள் வாசற்படிக்கு உள்ளே குறுக்காக உட்கார்ந்துகொண்டாள். தாண்டிப்போக வேண்டுமென்றால் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று கணக்கு.

ஒரு சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. பாலைக் குடிக்காமல், அழக்கூடத் தெம்பில்லாமல், கண்ணை மட்டும் திறந்து வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. பாசிலா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விம்மினாள். வசந்த் காரை எடுக்கப் போயிருந்தான். பாங்கு முடிந்தது. டப், டப்.

ரம்லத் பீவி எழுந்து படிக்கு வந்தாள். இப்போது பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, கோபம்தான் இருந்தது.

"மச்சான், ஒங்களுக்கு என்ன வேணும்? தனியாப் போக முடியலையா? தொணைக்கு ஆளு வேணும்னா நான் இருக்கேன். ஒங்களக் கட்டிக்கிட்டவ நான். அந்தப் பச்சமண்ணு ஒங்களுக்கு என்ன செஞ்சுச்சு? புள்ள நல்லபடியாத் தொண்டி போய்ச் சேரட்டும். நானே பாலத்துக்கு வாரேன். அதுவரைக்கும் இங்கிட்டு வராதீங்க."

செருமல் கேட்கவில்லை. படியிறங்கும் சத்தமும் கேட்கவில்லை. வெக்கை மட்டும் மெல்ல விலகியது. வசந்தின் காரில் அறந்தாங்கி போய்ச் சேர்வதற்குள் குழந்தையின் நெற்றி வேர்த்து, காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்து இப்போதுதான் வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டர். இருக்கலாம். அதற்குப் பிறகு படியில் மணல் விழவில்லை.

மாசியில் பாசித் லீவில் வந்தான். நாற்பது கழிந்து, மனைவியையும் பிள்ளையையும் தொண்டிக்கு அழைத்துப்போக வேண்டும். ரம்லத் பீவி பழைய பாட்டை எடுத்தாள். கடல் தொட்டில் மாதிரி ஆட்டும், தூசி இல்லை, பள்ளம் இல்லை. சிரிக்கப்போன பாசித்தைப் பாசிலா தடுத்தாள்.

"அம்மா சொல்றபடியே போவம்ங்க."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குக் காரில் பாசிலா எந்த அளவுக்குத் தூங்கினாள் என்று ரம்லத் பீவி கேட்டதுமில்லை.

கடல் கண்மாய்த் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. ராக்கன் வல்லத்தைக் கழுவி, வாசனை போக வேப்பிலை போட்டுத் தேய்த்து, மெத்தை விரித்திருந்தான். குழந்தையை இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய் அவளே மகள் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஏறலையா மாமி?" என்றான் பாசித்.

"தொட்டில், பெட்டி, சீர்ச் சாமானெல்லாம் இருக்குல்ல மாப்ள. நான் வசந்து கார்ல கொண்டாந்துடுறேன்."

கரையில் நின்று பார்த்தாள். வல்லம் போன இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கோடு அகன்று, கலைந்து, போன வழி எதுவென்று தெரியாமல் போயிற்று. ரோட்டை விடத் தண்ணீர் எதனால் உசத்தி என்று இத்தனை நாள் ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவளுக்கு அன்றைக்குத்தான் மனசு ஆறியது. பத்திரமாக இருக்க வேண்டியதைத் தண்ணீரில் அனுப்பிவிட்டாள். இனி ரோட்டில் போக வேண்டியவள் அவள் மட்டும்தான்.

தொண்டியில் சாமான்களை இறக்கிவைத்தாள். பேரன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். கடல்காற்றில் அவன் கன்னம் உப்புக் கரித்தது. ஒரு முத்தம் கொடுத்துவிட்டு எழுந்தாள். சம்பந்தியம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நேரமாச்சு மச்சி என்றாள். பாசிலா வாசல் வரை வந்தாள்.

"போறேன் பாசிலா."

பாசிலாவின் முகம் மாறியது. "என்னம்மா இது, போறேங்கிறீங்க? போயிட்டு வாரேன்னு சொல்லுங்க."

ரம்லத் பீவி மகளின் கன்னத்தைத் தடவினாள். வாரேன் என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. ராக்கன் சொன்னது எவ்வளவு சரி, எத்தனை கனமான சொல். சொன்னால் எங்கிருந்தாலும் வந்தாக வேண்டும். வந்து, இந்த வாசலில் நிற்க வேண்டும். இந்தப் பிள்ளை பயப்பட வேண்டும்.

"போறேன்டா. புள்ளையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள். இந்தத் தடவை முன் சீட்டில் அல்ல, பின் சீட்டில்.

எஸ்.பி.பட்டினம் தாண்டியது. இறால் பண்ணைகள், கருவேலங்காடு. சாயங்கால வெயில் கண்ணாடியில் அடித்தது. அவள் கண்ணை மூடவில்லை. தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், கல்யாணமான புதிதில் அவர் வரும் நேரத்துக்குச் செய்துகொள்வது மாதிரி. அவளுக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதைச் சொல்ல இத்தனை நாள் வெட்கப்பட்டிருக்கிறாள்.

"வசந்து, பாலத்துகிட்ட கொஞ்சம் நிறுத்துப்பா."

வசந்த் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். நிறுத்தினான். அவள் கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டு, சன்னல் பக்கமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

வெளியே செருப்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மணல் இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றாள் ரம்லத் பீவி. "ஏறுங்க மச்சான்."

கதவு சாத்திக்கொண்டது. வசந்த் இரண்டாவது கியரைப் போட்டான்.